ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர்: வெளிச்சத்துக்கு எத்தனை ஃபிரேம் கொடுக்கலாம்?

கிராபிக்ஸ் கார்டு மாற்ற நினைப்பவர்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். வெளிச்சக் கதிர்கள் எங்கே பட்டு எங்கே போகின்றன என்று கணக்கிட்டு வரையும் ரே ட்ரேசிங்கை ஆன் செய்தால் ஃபிரேம் ரேட் (செகண்டுக்கு எத்தனை படம் என்ற எண்) பாதியாகிவிடுகிறதே, அப்புறம் அதற்காக ஏன் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு ஒரே வரியில் "வேண்டும்", "வேண்டாம்" என்று தீர்ப்பு சொல்பவர்கள், ரே ட்ரேசிங் ஏதோ ஒரே ஒரு சுவிட்ச் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாலைந்து தனித்தனி வேலைகள் அந்தப் பெயருக்குள் அடைந்து கிடக்கின்றன. சில, வாங்கிய ஃபிரேமுக்கு நிறைவாகத் திருப்பித் தருகின்றன. சில தண்டச் செலவு.

நான் பயன்படுத்துவது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர். 2024 ஜனவரியில் வந்தது; இப்போது ஒரு தலைமுறை பழசு. அதற்கு முன் என் மெஷினில் இருந்தது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 6 ஜிபி. உழைத்துக் கொட்டிய கார்டு அது, குறை சொல்ல மனசு வராது. ஆனால் அதில் ரே ட்ரேசிங்குக்கான தனி கோர்கள், அதாவது அந்தக் கணக்குக்கென்றே சிப்பில் வைத்த அலகுகள், கிடையாது. 2019 ஏப்ரலில் என்விடியா டிரைவர் மூலம் ஜிடிஎக்ஸ் கார்டுகளுக்கும் ரே ட்ரேசிங்கைத் திறந்துவிட்டது உண்மைதான். திறந்துவிட்டார்களே தவிர, வழக்கமான கோர்களை வைத்தே அந்தக் கணக்கைப் போட வேண்டியிருந்ததால் படம் நகர்வதைவிட நிற்பதுதான் அதிகம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்தான் மேற்கொண்டு சொல்வது புரியும். கட்டடங்களின் உள்புறம் கட்டி முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே படமாக்கித் தருவது என் தொழில். ஜன்னல் வழியாக வரும் வெயில் தரையில் பட்டு, கூரைக்கு ஏறி, மூலைக்குப் போகப் போக எப்படி மங்குகிறது என்பதையே நாள் முழுக்கப் பார்க்கும் கண் இது. அதனால் ஒரு கேமில் மேசைக்கு அடியிலும் மேசைக்கு மேலேயும் ஒரே அளவு வெளிச்சம் இருந்தால், நாற்காலிக் கால் தரையைத் தொடாமல் மிதப்பதாகத் தெரிந்தால், எனக்குக் கதை ஓடாது. என் தம்பி நேர் எதிர். அதே மெஷினில் அவன் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுகிறான். "அக்கா, தரையில என்ன தெரியுதுன்னு பார்த்துக்கிட்டிருந்தா என்னைச் சுட்டுட்டுப் போயிடுவான்" என்பது அவன் கட்சி. ஒரே கார்டு, இரண்டு முதலாளிகள்.

மானிட்டர் 27 அங்குலம், 2560×1440, 165 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 165 தடவை படத்தை மாற்றும்), கார்டின் வேகத்துக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வேரியபிள் ரெஃப்ரெஷ் உண்டு. இதை முதலிலேயே சொல்கிறேன், ஏனென்றால் மானிட்டரைச் சொல்லாமல் கார்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. 1080பி என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 20 லட்சம் பிக்சல். 1440பி என்றால் 37 லட்சம். 4கே என்றால் 83 லட்சம். ரே ட்ரேசிங்கின் செலவு பிக்சலோடு சேர்ந்து ஏறும். 4கே மானிட்டர் வைத்திருப்பவருக்கு நான் சொல்லும் பல விஷயங்கள் பொருந்தாது.

கார்டின் ஜாதகம் சுருக்கமாக: 7168 கூடா கோர்கள் (வழக்கமான கணக்குப் போடும் அலகுகள்), 12 ஜிபி ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி, 192 பிட் பஸ் (மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள பாதையின் அகலம்), 220 வாட். சூப்பர் இல்லாத 4070-இல் கோர்கள் 5888, வாட் 200; மெமரி அதே 12 ஜிபி.

இனி கணக்குக்கு வருவோம். ஃபிரேம் ரேட்டை எஃப்பிஎஸ்ஸில், அதாவது செகண்டுக்கு இத்தனை ஃபிரேம் என்று, யோசிப்பதுதான் இந்த விவாதத்தையே குழப்புகிறது. மில்லி செகண்டில் யோசித்துப் பாருங்கள். 144 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமை வரைய சுமார் 7 மில்லி செகண்ட். 60 எஃப்பிஎஸ் என்றால் 16.7. இப்போது ஏதோ ஒரு ரே ட்ரேசிங் எஃபெக்ட் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 5 மில்லி செகண்ட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 144-இல் ஓடிக்கொண்டிருந்த கேம் 83-க்கு விழும். 60-இல் ஓடிக்கொண்டிருந்தது 46-க்கு விழும். ஒருவர் "60 ஃபிரேம் போச்சு" என்று அலறுவார், இன்னொருவர் "14 தானே" என்பார். இரண்டு பேரிடமும் பிடுங்கியது அதே 5 மில்லி செகண்ட்தான்.

இதையே திருப்பிப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். 165-இலிருந்து 120-க்கு இறங்கினால் ஃபிரேமுக்கு இழப்பது 2.3 மில்லி செகண்ட் மட்டுமே. 60-இலிருந்து 40-க்கு இறங்கினால் 8.3. மேல் மாடியில் கிடக்கும் ஃபிரேம்களை அள்ளிக் கொடுக்கலாம், கை உணராது. கீழ்த் தளத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் தங்கம். ஆகவே என் வழி இதுதான்: முதலில் ஒரு தரை வரம்பு வைத்துக்கொள்வது. மெதுவாக நடந்து பார்க்கும் கேம்களில் எனக்கு அது 70-ஐ ஒட்டி. அதற்கு மேல் இருப்பது அத்தனையும் வெளிச்சத்துக்கு. வரம்புக்குக் கீழே எந்த எஃபெக்டும் இழுக்கக் கூடாது.

அந்தத் தரை எதற்கு என்றால், கை வேகத்துக்காக மட்டும் இல்லை. இதைப் பலர் சொல்வதில்லை. கேமில் ஒரு பிக்சலுக்கு விடுவது ஒன்றோ இரண்டோ கதிர்கள்தான். என் தொழிலில் ஒரு படத்துக்கு, பிக்சலுக்கு நூற்றுக்கணக்கில் விட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். கேமுக்கு அந்த சொகுசு கிடையாது. ஒன்றிரண்டு கதிரில் கிடைப்பது ஒரே புள்ளிக் குப்பை. அதைச் சுத்தமாக்க, டீநாய்சர் முந்தைய ஃபிரேம்களில் கிடைத்ததையும் சேர்த்துக் கலக்கிக்கொள்கிறது. இருபது ஃபிரேமைச் சேர்த்துக் கலக்குகிறது என்று வைத்தால், 30 எஃப்பிஎஸ்ஸில் அது முக்கால் செகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. 90-இல் கால் செகண்டுகூட இல்லை. விளைவு கண்ணெதிரே தெரியும். இருட்டு அறையில் விளக்கு அணைகிறது. குறைந்த ஃபிரேமில் சுவரில் அதன் வெளிச்சம் உடனே போகாமல் மெல்ல வடிகிறது. ஓடும் ஆளின் பின்னால் நிழல் இழுபடுகிறது. அதே காட்சியை 80, 90-இல் ஓட்டினால் விளக்கு அணைந்ததும் அறை இருண்டுவிடுகிறது. ஆக, ஃபிரேம் ரேட்டும் ரே ட்ரேசிங்கும் ஒன்றுக்கொன்று எதிரி என்பது பாதி உண்மைதான். ஃபிரேம் ஏற ஏற ரே ட்ரேசிங்கே அழகாகிறது.

சரி, எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது?

நிழலில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேண்டாம். 2019-இல் ஷேடோ ஆஃப் த டோம் ரைடர் கேமுக்கு ரே ட்ரேசிங் வந்தபோது அது நிழலுக்கு மட்டும்தான் வந்தது. கம்பத்தின் அடியில் கூர்மையாகவும் தூரம் போகப் போக மென்மையாகவும் நிழல் விழுவது சரியான இயற்பியல். எனக்கே அது பிடிக்கும். ஆனால் பழைய ஷேடோ மேப் முறையே இன்று அந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், ஆடும்போது தெரியாது.

பிரதிபலிப்பு இடத்தைப் பொறுத்தது. சைபர்பங்க் 2077-இல் மழை பெய்து முடிந்த ஒரு தெருவில் நில்லுங்கள். எதிரே கடைக்கு மேலே நியான் பலகை, காலடியில் தேங்கிய தண்ணீர். ரே ட்ரேசிங் இல்லாதபோது தண்ணீரில் பலகை தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது. இப்போது மவுஸை மெல்லக் கீழே இறக்குங்கள். பலகை திரையின் மேல் விளிம்பைத் தாண்டி வெளியே போனதும், தண்ணீரில் இருந்த பலகையும் கரைந்து காணாமல் போகிறது. பழைய முறைக்குத் திரையில் இருப்பது மட்டுமே தெரியும். திரைக்கு வெளியே உலகம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ரே ட்ரேசிங்கை ஆன் செய்து அதே மவுஸை இறக்கினால் பலகை தண்ணீரிலேயே இருக்கிறது. ஒருமுறை இதைக் கவனித்துவிட்டால் அப்புறம் கவனிக்காமல் இருக்க முடியாது. கண்ணாடி நிறைந்த கேம்களில், 2019-இல் வந்த கன்ட்ரோல், 2022-இல் பிசிக்கு வந்த ஸ்பைடர்மேன் ரீமாஸ்டர்ட் ஆகியவற்றில், இதற்கு ஃபிரேம் கொடுக்கத் தயங்க மாட்டேன். பாலைவனத்திலும் காட்டிலும் நடக்கும் கேமில் இதையே ஆன் செய்து வைப்பது வீண்.

என் காசு முழுக்க நியாயமானது குளோபல் இலுமினேஷனில்தான். வெளிச்சம் ஒரு பொருளில் பட்டு, அதன் நிறத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போவது. 2021 மே மாதம் வந்த மெட்ரோ எக்ஸோடஸ் என்ஹான்ஸ்டு எடிஷனை இன்றைக்கும் அதற்காகவே திறந்து பார்ப்பேன். அந்த ரயில் பெட்டிக்குள் நிற்கும்போது ஜன்னலில் வரும் வெயில்தான் பெட்டி முழுவதற்கும் விளக்கு. வெயில் படும் மரப் பலகையின் மஞ்சள், எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தின் ஒரு பக்கத்தில் ஏறியிருக்கும். பெஞ்சுக்கு அடியில் உண்மையிலேயே இருட்டு. வண்டி வளைவில் திரும்பினால் மொத்தமும் மாறும். பழைய முறையில் இந்த வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டு சுவரோடு சுவராக ஒட்டிவைத்திருப்பார்கள். ஒன்றும் நகராதவரை அது அருமையாக இருக்கும். கதவு திறந்தாலோ சூரியன் சாய்ந்தாலோ குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. முதன்முதலில் ஆன் செய்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவார்கள். பளபளப்பை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, சில மூலைகள் முன்பைவிட இருட்டாகத் தெரியும். அந்த இருட்டுதான் விஷயமே. கொஞ்ச நேரம் ஆடிவிட்டு அணைத்துப் பாருங்கள், அறை முழுக்க யாரோ வெள்ளைப் பொடி தூவிவிட்டார்கள் என்று தோன்றும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் இந்த விவாதத்தின் அடித்தளத்தையே மாற்றுவது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் இரண்டுக்கும் ரே ட்ரேசிங் செய்யக்கூடிய கார்டு கட்டாயம். ஆஃப் செய்யும் வழியே இல்லை. என் 1660 சூப்பர் ஓய்வு பெற்றது அப்படித்தான். கேம் செய்பவர்கள் கோணத்தில் பார்த்தால் இது புரிகிறது: ஒவ்வொரு அறைக்கும் வெளிச்சத்தைக் கணக்கிட்டு ஒட்டிவைத்துக் காத்திருக்கும் வேலை மிச்சம். ஆச்சரியம் என்னவென்றால், இந்த இரண்டு கேம்களும் நன்றாகவே ஓடுகின்றன. ரே ட்ரேசிங்கைக் கணக்கில் வைத்தே தொடக்கத்திலிருந்து கட்டியதால் ஃபிரேம் சரிவதில்லை. குறைந்தபட்சத் தேவையாக இரண்டுமே சொல்வது ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அளவிலான கார்டைத்தான். "எனக்கு ரே ட்ரேசிங் வேண்டாம், ஃபிரேம் போதும்" என்று கார்டு வாங்குபவரும் இனி அந்தத் திறமைக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும்.

கடைசியாகப் பாத் ட்ரேசிங். நிழல், பிரதிபலிப்பு, வெளிச்சம் என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் கதிர்களாலேயே செய்வது. சைபர்பங்கில் 2023 ஏப்ரலில் ஓவர்டிரைவ் என்ற பெயரில் வந்தது. அலன் வேக் 2-விலும் உண்டு. என் மானிட்டரில், இந்த கார்டில், எந்த உதவியும் இல்லாமல் சைபர்பங்க் ஏறக்குறைய இப்படி ஓடும்: ரே ட்ரேசிங் இல்லாமல் அல்ட்ராவில் 90-ஐ ஒட்டி, ரே ட்ரேசிங் அல்ட்ராவில் நாற்பதுகளில், பாத் ட்ரேசிங்கில் 30-க்கும் கீழே. என் வேலையில் ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் ஆகும் சங்கதியை இது ஒரு செகண்டில் இருபத்தைந்து தடவைக்கு மேல் செய்கிறது என்று நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட முடியாது.

இங்கேதான், குறைந்த பிக்சலில் வரைந்ததைப் பெரிதாக்கிக் காட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் வருகிறது. 1440பி-யில் குவாலிட்டி என்று வைத்தால் கேம் உள்ளே வரைவது 960 வரிகள்தான். மொத்தப் பிக்சலில் பாதிக்கும் குறைவு. மீதியை, பயிற்சி கொடுத்த ஒரு நியூரல் நெட்வொர்க் நிரப்புகிறது. 2025 தொடக்கத்தில் டிஎல்எஸ்எஸ் 4 வந்தபோது அதன் புதிய டிரான்ஸ்ஃபார்மர் மாடலைப் பழைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கொடுத்தார்கள். வாங்கிய பிறகு கார்டின் தரம் ஏறியது இதனால்தான். முன்பு குவாலிட்டியில் பார்த்த தெளிவு இப்போது அதைவிடக் குறைந்த பிக்சலில் வரையும் பேலன்ஸ்டிலேயே கிடைக்கிறது. கம்பி வேலி, தலைமுடி, தூரத்து எழுத்து மூன்றையும் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். டீநாய்சர் செய்யும் வேலையையும் சேர்த்துச் செய்யும் ரே ரீகன்ஸ்ட்ரக்ஷன் 2023 செப்டம்பரில் சைபர்பங்கில் வந்தது. தண்ணீரில் தெரியும் பலகையின் எழுத்தைப் படிக்க முடிவது அதன் புண்ணியம். பாத் ட்ரேசிங்கோடு இரண்டையும் சேர்த்து, பேலன்ஸ்டில் வைத்தால் ஐம்பதைத் தாண்டும்.

அதற்கு மேல் ஃபிரேம் ஜெனரேஷன். 2022 அக்டோபரில் 40 வரிசையோடு வந்தது. இரண்டு நிஜ ஃபிரேமுக்கு நடுவே ஒரு போலி ஃபிரேமைச் செருகும். நடுவே செருக வேண்டுமென்றால் அடுத்த நிஜ ஃபிரேம் கையில் இருக்க வேண்டும், ஆகவே அதைக் காட்டாமல் சற்றுப் பிடித்து வைக்கிறது. கண்ணுக்கு 80, 90 தெரியும். கைக்குப் பழைய ஐம்பதைவிடக் கொஞ்சம் மந்தமாகவே இருக்கும். மூலையில் தெரியும் எண்ணை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்காகவே, ஃபிரேம் ஜெனரேஷனை அணைத்துவிட்டு நிஜ எண்ணைப் பார்த்த பிறகுதான் ஆன் செய்வேன். நிஜம் ஐம்பதுக்கு மேல் இருந்தால் கன்ட்ரோலரில் அருமை. முப்பதை வைத்துக்கொண்டு அறுபது காட்டுவது வெறும் கண்துடைப்பு, மவுஸைத் திருப்பிய உடனே தெரிந்துவிடும்.

இந்த கார்டின் பலவீனம் வேகத்தில் இல்லை, மெமரியில் இருக்கிறது. 12 ஜிபி. கதிர் எதில் முட்டுகிறது என்று கண்டுபிடிக்க, கேம் உலகத்தின் எல்லாப் பொருள்களையும் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி ஓர் அட்டவணை வைத்திருக்க வேண்டும். ஊர், தெரு, வீடு என்று விலாசம் தேடுகிற மாதிரி, வேண்டாத பெட்டியை மொத்தமாகத் தள்ளிவிட்டு உள்ளே போகும். அந்த அட்டவணைக்கு மெமரி வேண்டும். ஃபிரேம் ஜெனரேஷனுக்கும் வேண்டும். உயர்தர டெக்ஸ்சருக்கும், அதாவது பொருள்களின் மேல் ஒட்டும் படங்களுக்கும், வேண்டும். இந்தியானா ஜோன்ஸில், டெக்ஸ்சருக்கு எவ்வளவு மெமரி ஒதுக்குவது என்பதைத் தீர்மானிக்கும் டெக்ஸ்சர் பூல் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அந்த கேமில் பாத் ட்ரேசிங்கை ஆன் செய்துவிட்டு, அதை உச்சத்தில் வைத்தால் 12 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பினால் ஃபிரேம் பத்துப் பதினைந்து குறையும் என்று நினைக்காதீர்கள், தலைகுப்புற விழும்; நடக்க நடக்கத் திணறும். டெக்ஸ்சர் பூலை மட்டும் இறக்கினால் அதே கேம், அதே வெளிச்சம், வழுக்கிக்கொண்டு ஓடும். சுவரின் டெக்ஸ்சர் மூக்கை ஒட்டி நின்று பார்த்தால் மட்டுமே மங்கலாகத் தெரியும். ஒரு செட்டிங்கை மாற்றினால் தீர்ந்துவிடுகிற தொல்லைதான், ஆனால் இந்த விலைப் பிரிவில் இருக்கக் கூடாத தொல்லை. 8 ஜிபி கார்டில் ரே ட்ரேசிங் பற்றிப் பேசுவதே வேண்டாம். கோர்கள் இருக்கும், இடம் இருக்காது.

பிராசஸரையும் மறக்கக் கூடாது. நகரும் பொருள்களுக்கு மேலே சொன்ன அட்டவணையை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதுப்பிக்க வேண்டும், அந்தச் சுமையில் ஒரு பகுதி பிராசஸர் தலையில் விழுகிறது. ஸ்பைடர்மேனில் ரே ட்ரேசிங்கை ஆன் செய்துகொண்டு கட்டடங்களுக்கு நடுவே வேகமாக ஊசலாடினால் தெரியும். கார்டின் பயன்பாடு எழுபது சதவீதத்தில் படுத்திருக்க, ஃபிரேம் மட்டும் ஏறாது. அப்போது டிஎல்எஸ்எஸ்ஸை எவ்வளவு இறக்கினாலும் பயனில்லை, ஏனென்றால் இடிப்பது கார்டு இல்லை. அந்த கேமில், எவ்வளவு தூரம் வரை உள்ள பொருள்களைக் கதிர்க் கணக்கில் சேர்ப்பது என்று சொல்லும் ஆப்ஜெக்ட் ரேஞ்ச் செட்டிங்கைக் குறைத்தால் மூச்சு விட முடியும். பழைய பிராசஸர் வைத்திருப்பவர்கள் கார்டுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவது நல்லது.

தம்பி கட்சிக்கு வருவோம். கவுன்டர் ஸ்ட்ரைக் 2-வில் ரே ட்ரேசிங் என்ற பேச்சே கிடையாது. அவனுக்கு வேண்டியது சராசரி எஃப்பிஎஸ்கூட இல்லை, ஒரு சதவீத லோ என்று சொல்லும் எண். ஆடிய நேரத்தில் மிக மோசமான ஒரு சதவீத ஃபிரேம்கள் எப்படி இருந்தன என்பது அது. சராசரி 200 காட்டிவிட்டு, புகைக்குண்டு வெடித்த நேரத்தில் 60-க்கு விழுந்தால் அந்த 200-ஐ என்ன செய்வது? 1440பி-யில் இந்த கார்டுக்கு அந்த கேம் ஒரு பொருட்டே இல்லை. 165 ஹெர்ட்ஸைத் தாராளமாகத் தாண்டுகிறது, பிராசஸர்தான் வரம்பு. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: அவன் ஒருவனுக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் இந்த கார்டு அதிகப்படி. போட்டி கேம் மட்டுமே ஆடுபவர் இதைவிட ஒரு படி கீழே வாங்கி, மிச்சக் காசை வேகமான மானிட்டரிலோ பிராசஸரிலோ போட்டால் பலன் கூடுதல். இதைச் சொன்னதற்கு அவன், "அப்போ அந்த மானிட்டரை வாங்கிக் கொடுங்க" என்றான். அந்த விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

வாங்கும்போது எதிரே நின்றது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி. 2023 செப்டம்பரில் வந்தது. 16 ஜிபி மெமரி, 256 பிட் பஸ். காகிதத்தில் அதுவே தாராளம். ரே ட்ரேசிங் இல்லாத கேம்களில் சூப்பர் இல்லாத 4070-உடன் தோளோடு தோள் நிற்கும். குளோபல் இலுமினேஷன் மட்டும் இருக்கும் கேம்களிலும் மோசமில்லை. பாத் ட்ரேசிங் என்று வந்தால் வெகுவாகப் பின்தங்கிவிடும். மேலே சொன்ன மில்லி செகண்ட் கணக்கில், அதே வெளிச்சத்துக்கு அது எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது: நான் வேலை செய்யும் 3டி மென்பொருளான ப்ளெண்டரில் படத்தை வரையும் பகுதியான சைக்கிள்ஸ், ஆப்டிக்ஸ் என்ற என்விடியா மென்பொருள் வழியாக என்விடியாவின் ரே ட்ரேசிங் கோர்களை நேரடியாகப் பயன்படுத்திக்கொள்கிறது. வேலைக்கும் அதே கார்டு என்னும்போது தீர்ப்பு அங்கேயே முடிந்துவிட்டது. ப்ளெண்டர் பக்கமே போகாதவர் இந்த வரியைத் தாண்டிவிடலாம். அவருக்கு 16 ஜிபி ஈர்ப்பாகத் தோன்றினால் நான் மறுக்க மாட்டேன்.

சூடு, சத்தம், மின்சாரம் மூன்றிலும் புகார் இல்லை. 220 வாட் என்பது இந்த வேகத்துக்கு அடக்கமான அளவு. 7800 எக்ஸ்டிக்கு 263. பவர் சப்ளை 650 வாட் இருந்தால் போதும் என்பது என்விடியாவின் பரிந்துரை. புது 16 பின் கனெக்டரைப் பொருத்தும்போது கடைசி வரை அழுத்தி, இடைவெளி இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கனெக்டரை ஒட்டியே கேபிளை மடக்காதீர்கள். ஃபிரேமை மானிட்டர் வேகத்துக்குச் சற்றுக் கீழே பூட்டி வைத்தால் ஃபேன் சத்தம் இன்னும் இறங்கும். எனக்கு அது 158.

இப்போது என் செட்டிங்குகள் இப்படி. புது கேம் என்றால் முதலில் எல்லா ரே ட்ரேசிங்கையும் அணைத்து, டிஎல்எஸ்எஸ் குவாலிட்டியில் வைத்து, கேமில் மிகவும் நெரிசலான இடத்துக்குப் போய் எண்ணைப் பார்ப்பேன். பிறகு குளோபல் இலுமினேஷன், அடுத்து பிரதிபலிப்பு, அதுவும் மீடியத்தில். எழுபதைத் தொட்டதும் நிறுத்திவிடுவேன். நிழல் ஷேடோ மேப்பிலேயே இருக்கும். சைபர்பங்கும் அலன் வேக்கும் மட்டும் விதிவிலக்கு. அவற்றைப் பாத் ட்ரேசிங்கில், ஃபிரேம் ஜெனரேஷனோடு, கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்து ஆடுவேன்.

இன்று புதிதாக வாங்குபவர் 4070 சூப்பரைத் தேடிப் போக வேண்டுமா? நல்ல நிலையில் கைமாறி வந்தால் யோசிக்கலாம். புதிது என்றால் 2025-இல் வந்தவற்றையே பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 5070-க்கும் அதே 12 ஜிபிதான், ஜிடிடிஆர்7 ஆனாலும் இடம் இடம்தான். 4070 சூப்பர் வைத்திருப்பவர் அதற்கு மாறுவதில் பொருளே இல்லை. 5070 டிஐ-க்கு 16 ஜிபி, 8960 கோர்கள், 300 வாட். பாத் ட்ரேசிங் வேண்டும் என்று தீர்மானித்தவருக்கு நான் காட்டும் கார்டு அதுதான். ஏஎம்டியின் 9070 எக்ஸ்டிக்கும் 16 ஜிபி. ரே ட்ரேசிங்கில் முந்தைய தலைமுறையைவிடத் தெளிவாக முன்னேறியிருக்கிறது. டிஎல்எஸ்எஸ்ஸுக்கு ஏஎம்டியின் பதிலாக அதோடு வந்த எஃப்எஸ்ஆர் 4-உம் இப்போது நியூரல் நெட்வொர்க்கை வைத்தே வேலை செய்வதால் பழைய எஃப்எஸ்ஆரின் மினுமினுப்புத் தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது. குளோபல் இலுமினேஷனும் பிரதிபலிப்பும் போதும், பாத் ட்ரேசிங் தேவையில்லை என்பவருக்கு அது போதும். ஆர்டிஎக்ஸ் 3080 வைத்துக்கொண்டு 1440பி-யில் ஆடுபவர் நிழலை அணைத்துவிட்டு, டிஎல்எஸ்எஸ்ஸைப் புது மாடலுக்கு மாற்றிவிட்டு, இன்னொரு தலைமுறைக்குக் காத்திருக்கலாம்.